ஸ்வால்பார்டுக்கு எப்ப போகலாம்? மூணு தடவை போய் கத்துக்கிட்டது

மொத தடவை ஸ்வால்பார்டுக்கு, அதான் நார்வேக்கு வடக்க இருக்கிற தீவுக் கூட்டத்துக்கு, போனப்ப அஞ்சு நாள் இருந்தோம், அஞ்சு நாளும் அந்த ஊர் எப்படி இருக்கும்னே பாக்கல. பொய் இல்ல. பிளேன் இறங்கும்போது இருட்டு, காலைல எழுந்தா இருட்டு, மத்தியானம் சாப்பிடும்போதும் இருட்டு, திரும்பி பிளேன் ஏறும்போதும் அதே இருட்டு. ஊரைச் சுத்தி மலை இருக்குங்கிறதையே மேப்ல பாத்து தான் தெரிஞ்சுக்கிட்டோம். அது 2018 டிசம்பர் முதல் வாரம். அப்புறம் 2022 ஏப்ரல்ல ஒரு தடவை போனோம், 2023 ஜூலைல அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஒரு தடவை. ஏப்ரல்ல ஏர்போர்ட்ட விட்டு வெளிய வந்தவுடனே என் மனைவி அப்படியே நின்னுட்டா. "ஏங்க, இவ்ளோ பெரிய மலைங்க பக்கத்துலயா நாம அஞ்சு நாள் சுத்துனோம்?"

நான் ஓஸ்லோல வேலை பாக்குறேன், சொந்த ஊர் நெய்வேலி டவுன்ஷிப். இங்க வர்ற நம்ம ஆளுங்க யாரா இருந்தாலும் நார்வே டூர் பிளான் போட உக்காந்தா ஒரு கட்டத்துல மேப்ல மேல தள்ளித் தள்ளி அந்தத் தீவுக் கூட்டத்துக்கு வந்துருவாங்க, உடனே போன். "மச்சான், அங்க போக எப்ப பெஸ்ட் டைம்?" நானும் ஒவ்வொருத்தருக்கும் ஒரு மணி நேரம் பேசிப் பேசி தொண்டை வறண்டு போச்சு, அதான் ஒரேயடியா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

இடத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை. நார்வேயோட வட முனைக்கும் வட துருவத்துக்கும் நடுவுல கிட்டத்தட்ட பாதி வழில இருக்கு. முக்கிய ஊர் பேரு லாங்இயர்பியென், 78 டிகிரி வடக்கு, சுமார் 2500 பேர் இருக்காங்க. ஓஸ்லோலேர்ந்து நேர் பிளேன்னா மூணு மணி நேரம். 1906ல ஒரு அமெரிக்கக்காரர், ஜான் மன்றோ லாங்இயர்னு, நிலக்கரி வெட்ட வந்து உண்டாக்குன ஊர், அவர் பேரே ஊருக்கு. ஊருக்குள்ளயும் சுத்தியும் சேத்து ரோடு 40, 50 கிலோமீட்டர் தான், அதைத் தாண்டி வேற எந்த ஊருக்கும் ரோடு கிடையாது.

இந்த ரோடு விஷயம் தான் முக்கியம், எனக்கு இது புரிய ரெண்டு டிரிப் ஆச்சு. நாம சீசன்னா வெயிலா குளிரா மழையான்னு யோசிப்போம், ஊட்டிக்கு மே மாசம், குற்றாலத்துக்கு ஆடி மாசம்ங்கிற மாதிரி. அங்க அப்படி இல்ல. பனி கெட்டியா கிடந்தா பனி தான் ரோடு, ஸ்னோமொபைல்லயோ (பனில ஓடுற பைக் மாதிரி வண்டி) நாய் வண்டிலயோ ஊரை விட்டு வெளிய போகலாம். பனி கரைஞ்சுட்டா கடல் தான் ரோடு, படகுல போகணும். ரெண்டும் இல்லாத மாசத்துல போனா ஒரே தெருவுல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துட்டு காசைக் கொட்டிட்டு வரணும். எந்த மாசம் எந்த ரோடு திறந்திருக்கு, அந்த ரோட்டுல போறதுக்கு வெளிச்சம் இருக்கா, இந்த ரெண்டு கேள்வியும் தான் கேக்கணும். குளிர் எவ்ளோங்கிறதெல்லாம் அப்புறம், அதுக்குத் துணி போட்டுக்கலாம்.

வெளிச்சக் கணக்கு இப்படி. அக்டோபர் கடைசில, 26ம் தேதி வாக்குல, சூரியன் அடிவானத்துக்குக் கீழ போகும், பிப்ரவரி நடுவுல தான் திரும்ப எட்டிப் பாக்கும். அதுலயும் ஊரு பள்ளத்தாக்குல இருக்கிறதால மலை மறைச்சிரும், ஊருக்குள்ள வெயில் விழ மார்ச் 8 ஆகும். அன்னிக்கு ஊரே பழைய ஆஸ்பத்திரி இருந்த எடத்துப் படிக்கட்டுல கூடி நின்னு சூரியன வரவேற்கும், அந்த வாரம் பூரா திருவிழா. ஏப்ரல் 20 வாக்குல இருந்து ஆகஸ்ட் 23 வரைக்கும் சூரியன் மறையவே மறையாது. அப்போ இருட்டும் நட்சத்திரமும் வேணும்னா ஒரு பக்கம், வெயிலும் படகும் வேணும்னா எதிர்ப் பக்கம், பனியும் வெளிச்சமும் சேந்து இருக்கிறது நடுவுல ஒரு ரெண்டு ரெண்டரை மாசம் தான்.

சரி, டிசம்பர் கதைக்கு வரேன். நாங்க போனது அரோராவுக்காக, அதான் துருவத்துப் பக்கம் இருட்டு வானத்துல பச்சையா ஆடுற வெளிச்சம். எவ்ளோ வடக்க போறோமோ அவ்ளோ நல்லா தெரியும்னு நான் நெனச்சிருந்தேன், தப்பு. அரோரா வர்றது பூமிக்கு மேல ஒரு வளையம் மாதிரி, காந்தத் துருவத்தைச் சுத்தி. ராத்திரி நேரத்துல அந்த வளையம் நார்வே நிலப்பகுதியோட வடக்க இருக்கிற ட்ரோம்ஸோ மாதிரி ஊருங்களுக்கு மேல வரும், ஸ்வால்பார்ட் வளையத்துக்கு உள்ள, வடக்கால தள்ளி நின்னுரும். பகல்ல தான் வளையத்தோட இன்னொரு பக்கம் ஸ்வால்பார்டுக்கு மேல வரும். வேற ஊர்ல பகல்ல வந்தா வெளிச்சத்துல தெரியாது, இங்க டிசம்பர்ல பகலே இருட்டுங்கிறதால பகல் அரோராவைக் கண்ணால பாக்கலாம், அதுக்குன்னே ஆராய்ச்சிக்காரங்க அங்க மலை மேல அப்சர்வேட்டரி வச்சிருக்காங்க. இது தெரியாம நாங்க ராத்திரி ராத்திரி முழிச்சிருந்து வெளிய நின்னுட்டு பகல்ல போத்திக்கிட்டுத் தூங்கிட்டோம்! நாலாவது நாள் காலைல ஒன்பது மணிக்கு பிரேக்பாஸ்ட் சாப்பிட்டுட்டு சும்மா காத்து வாங்க வெளிய வந்தா தலைக்கு மேல வெளிறின பச்சைல ஒரு துணிய உதறின மாதிரி. மூணு நிமிஷம் இருக்கும். கேமரா ரூம்ல.

அதோட மேகம். அஞ்சு நாள்ல மூணு நாள் மேகம், ஒருநாள் மழை. 78 டிகிரில டிசம்பர்ல மழை! முன்னாடியெல்லாம் இப்படி இல்லன்னு கைடு சொன்னாரு, இப்ப அந்தப் பகுதி உலகத்துலயே ரொம்ப வேகமா சூடாகுற எடங்கள்ல ஒண்ணு, குளிர்காலத்துல திடீர்னு சூடு ஏறி மழை பெய்யும், மறுநாள் அந்தத் தண்ணி எல்லாம் கண்ணாடி மாதிரி உறைஞ்சுக்கும். மளிகைக் கடை வாசல்ல நான் மல்லாக்க விழுந்தேன், கைல இருந்த முட்டை அட்டை மட்டும் தனியா வழுக்கிட்டுப் போய் ஒரு நாயோட காலடில நின்னுச்சு. நாய்க்காரம்மா என்னைத் தூக்கி விடல, என் ஷூவைத் தான் பாத்தாங்க. ஷூ அடில மாட்டுற ஆணி வச்ச ரப்பர் பட்டை ஒண்ணு இருக்கு, நார்வேல எல்லாக் கடைலயும் கிடைக்கும், நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் எப்ப போனாலும் அது இல்லாம போகாதீங்க. நெத்தில கட்டுற லைட்டும் வேணும்.

இன்னொரு தப்பு, இதை எங்க அம்மா தான் கண்டுபிடிச்சாங்க. திரும்பி வந்து போன்ல பொலம்பினப்ப, "நீ போனது அமாவாசை வாரம்டா, பஞ்சாங்கம் பாத்தா போன?"ன்னாங்க. சிரிச்சேன், அப்புறம் உக்காந்து படிச்சுப் பாத்தா அம்மா சொன்னது தான் அங்க ரொம்ப சரி. துருவ இரவுல நிலா நம்மூர் மாதிரி தினமும் உதிச்சு மறையாது. பௌர்ணமியை ஒட்டி சுமார் ஒரு வாரம் நிலா மறையவே மறையாம வானத்தைச் சுத்திச் சுத்தி வரும், அமாவாசையை ஒட்டி ஒரு வாரம் எட்டியே பாக்காது. 2018 டிசம்பர் 7 அமாவாசை, நாங்க போனது சரியா அந்த வாரம். பௌர்ணமி வாரமா இருந்தா பனி மேல நிலா வெளிச்சம் பட்டு மலை, கடல், பனியாறு எல்லாமே நீலமா தெரியும். அரோரா மங்கலா தெரியும் தான், ஆனா ஊரையாவது பாத்திருக்கலாம். நவம்பர், டிசம்பர், ஜனவரில போற ஐடியா இருந்தா டிக்கெட் விலை பாக்குறதுக்கு முன்னாடி தினசரி காலண்டரைக் கிழிச்சுப் பாத்துருங்க. அரோரா மட்டும் தான் குறின்னா ட்ரோம்ஸோவே போதும்.

அடுத்து ஏப்ரல். என்னைக் கேட்டா இது தான், மார்ச் நடுவுலேர்ந்து ஏப்ரல் இருபது வரைக்கும். ஒரே ஒரு தடவை தான் போக முடியும், உடம்பு நல்லா இருக்கு, குளிர் தாங்குவேன்னு சொல்றவங்களுக்கு வேற பதிலே கிடையாது. பனி ரோடும் திறந்திருக்கு, பகலும் நீளமா இருக்கு. நாங்க ஏப்ரல் முதல் வாரம் போனோம், சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்குற பொன் வெயில் ஒன்பது மணி வரைக்கும் இழுத்துக்கிட்டே கிடக்கும், பனி பூரா ரோஸ் கலர்ல. ஈஸ்டர் வாரத்தை மட்டும் தவிர்த்துருங்க, நார்வேக்காரங்களுக்கு ஈஸ்டர்னா பனில விழுந்து புரண்டே ஆகணும், ரூம் வாடகை எகிறிரும், ஸ்னோமொபைல் ஒண்ணு கூட கிடைக்காது. மார்ச் 8 வாரமும் அப்படித் தான். மத்த வாரத்துக்குமே ஒரு அஞ்சாறு மாசம் முன்னாடி புக் பண்றது நல்லது.

ஸ்னோமொபைல் டிரிப் ஒரு நாளைக்கு ஆளுக்கு மூவாயிரம் குரோனருக்கு மேல ஆச்சு, நம்ம காசுக்கு அப்ப எட்டால பெருக்கிக்கோங்க. வயிறு எரியும் தான். ஆனா தனியா வண்டி எடுத்துக்கிட்டு சுத்தலாம்னு நெனைக்காதீங்க, ஊர் எல்லைல கரடி போர்டு இருக்கும், கருப்புல வெள்ளைக் கரடி, கீழ 'ஸ்வால்பார்ட் முழுசுக்கும் பொருந்தும்'னு நார்வேஜியன்ல எழுதியிருக்கும், எல்லாரும் போட்டோ எடுக்குற எடம். அதைத் தாண்டிப் போனா கரடியை வெரட்டுறதுக்குச் சாமான் கைல இருக்கணும்ங்கிறது சட்டம், துப்பாக்கியும் எடுத்துட்டுப் போகச் சொல்லுவாங்க. நமக்கு எதுக்கு வம்பு, கைடு கிட்ட ரைஃபிளும் ஃபிளேர் கன்னும் இருக்கும், அவங்க பின்னாடி வரிசையாப் போறது தான் மரியாதை. கார் லைசென்ஸ் கையோட வச்சுக்கோங்க, வண்டி ஓட்டக் கேப்பாங்க.

அன்னிக்கு மைனஸ் பதினெட்டு. ஓவரால், ஹெல்மெட், பூட்ஸ், கிளவுஸ் எல்லாம் அவங்களே குடுத்துட்டாங்க, உள்ள போடுறது நம்ம பொறுப்பு. அங்க தான் நான் கோட்டை விட்டேன். சென்னைல வாங்குன காட்டன் இன்னரைப் போட்டுக்கிட்டு மேல அத்தனையும் ஏத்திக்கிட்டேன். வண்டி ஓட்டுறது கொஞ்சம் மல்லுக்கட்டு தான், மேடு பள்ளத்துல உடம்பை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சாய்க்கணும், முதல் அரை மணில முதுகு நனைஞ்சு போச்சு. நின்ன எடத்துல அந்த ஈரம் அப்படியே ஐஸ் துணியாகி முதுகுல ஒட்டிக்கிச்சு, அடுத்த ஏழு மணி நேரம் அதோட தான். கம்பளி இன்னர் மட்டும் தான் போடணும், நனைஞ்சாலும் சூடு விடாது. கண்ணாடி போடுறவங்களுக்கு இன்னொண்ணு, மூக்கை மூடிக்கிட்டு மூச்சு விட்டா ஆவி மேல ஏறி கண்ணாடில படிஞ்சு உறைஞ்சுரும், வைசரைத் தூக்கி விரலால சுரண்டிச் சுரண்டி ஓட்டுனேன், லென்ஸ் போட முடிஞ்சா போட்டுருங்க. போனை உள் பாக்கெட்ல உடம்போட ஒட்டி வைங்க, வெளிய வச்சா நாப்பது பர்சன்ட் காட்டுற பேட்டரி சொல்லாம கொள்ளாம செத்துரும். பொம்பளைங்களுக்கு ஒரு விஷயம் என் மனைவி எழுதச் சொன்னா: எட்டு மணி நேரம் வெட்டவெளி, ஒதுங்க ஒரு மரம் கூட கிடையாது, தீவுலயே மரம் கிடையாது, இருக்கிற மரமெல்லாம் கணுக்கால் உயரம். கைடு ஒரு எடம் காட்டி எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்கம்பாங்க, ஓவரால் ஜிப்பை முழுசா கழட்டணும். கூச்சப்பட்டு தண்ணி குடிக்காம இருந்தா குளிர்ல தலை சுத்தும், குடிங்க.

நாங்க போனது சாசன் பள்ளத்தாக்கு வழியா டெம்பெல் ஃபியோர்டு (மலைங்களுக்கு நடுவுல உள்ள நுழைஞ்ச கடல்) பக்கம். போற வழில ஃப்ரெட்ஹெய்ம்னு ஒரு மர வீடு, ஹில்மார் நய்ஸ்னு ஒரு வேட்டைக்காரர் இருந்த வீடு, அவரு இந்தத் தீவுல 38 குளிர்காலம் இருந்திருக்காரு. நான் அஞ்சு நாளுக்கே அழுதவன். அங்க வண்டிங்களை நிறுத்தி இன்ஜினை அணைச்சப்ப ஒரு நிசப்தம் வந்துச்சு பாருங்க, காதுக்குள்ள நம்ம ரத்தம் ஓடுறது கேக்குது. கைடு சுடுதண்ணி ஊத்துற பாக்கெட் சாப்பாடு குடுத்தாரு, அதுல வெஜிடேரியனும் இருக்கு, முன்னாடியே சொல்லிடணும். என் மனைவி ஒரு சின்ன டப்பால புளிக்காய்ச்சல் கொண்டு வந்திருந்தா, அது கல்லு மாதிரி உறைஞ்சு ஸ்பூன் வளைஞ்சுது, சுடுசாப்பாட்டுக்குள்ள டப்பாவையே பொதைச்சு வச்சு எடுத்தோம். கரடி பாக்கல. காலடித் தடம் பாத்தோம், என் ரெண்டு கையையும் விரிச்சு வச்சாலும் அந்தத் தடத்துக்குள்ள அடங்கிருச்சு, அது போதும்னு ஆயிருச்சு எனக்கு.

கரடிக்காகவே போறவங்களுக்கு: ஊர்லேர்ந்து ஒரு நாள் டிரிப்ல கரடி பாக்குறது லாட்டரி. 2025 ஜனவரிலேர்ந்து சட்டமும் மாறிருச்சு, மார்ச்லேர்ந்து ஜூன் வரைக்கும் கரடிகிட்டேர்ந்து 500 மீட்டர் தள்ளி நிக்கணும், மத்த மாசத்துல 300 மீட்டர். கிட்டப் போய் படம் எடுக்குற கதையெல்லாம் முடிஞ்சுது, நல்ல பைனாகுலர் வச்சுக்கோங்க.

மே கடைசி, ஜூன் ஆரம்பம், அப்புறம் அக்டோபர் கடைசிலேர்ந்து நவம்பர், இந்த ரெண்டும் தான் நான் சொன்ன ரோடு இல்லாத காலம். பனி சேறாகிக் கிடக்கும், ஸ்னோமொபைல் போகாது, படகும் முழுசா தொடங்கியிருக்காது, இல்ல முடிஞ்சிருக்கும். டிக்கெட் மலிவா காட்டும், காரணம் அது தான். செப்டம்பர் நான் போனதில்ல, ஆபீஸ்ல ஒருத்தி ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் முதல் ரெண்டு வாரத்துல தான் போறா, கூட்டம் இல்ல, படகும் ஓடுது, மலை உச்சில புதுப் பனி, தரை பூரா துருப் பிடிச்ச கலர்னு சொல்லுவா.

ஜூலை கதை வேற. அப்பாவுக்கு எழுபது தாண்டிருச்சு, அம்மாவுக்கு முட்டி வலி, ஸ்னோமொபைலெல்லாம் நெனச்சே பாக்க முடியாது. ஜூலைல ஏழு எட்டு டிகிரி இருக்கும், நம்ம கொடைக்கானல் மார்கழி மாதிரி, ஸ்வெட்டரும் காத்து தாங்குற ஜாக்கெட்டும் போதும். வயசானவங்க, குழந்தைங்க கூட இருந்தா ஜூலை, ஆகஸ்ட் முதல் பாதி தான், யோசிக்கவே வேணாம். ஆனா போஸ்ட்கார்டு பனியை எதிர்பாக்காதீங்க. பனி கரைஞ்ச லாங்இயர்பியென் பாக்க ஒரு சுரங்க ஊரோட ஷெட் மாதிரி தான் இருக்கும், பழுப்பு மலை, கருப்பு மண்ணு, வெளிய ஓடுற பைப் லைன். அம்மா முகம் சுருங்கிப் போச்சு. "இதுக்காடா இவ்ளோ தூரம்?"

அப்பாவுக்கு மட்டும் அது சொந்த ஊருக்கு வந்த மாதிரி. நெய்வேலி ரெண்டாவது சுரங்கத்துல இருந்து ரிட்டயர் ஆனவரு. மலைச் சரிவு பூரா வரிசையா நிக்கிற மரத் தூணுங்களைக் காட்டி, "ரோப்வே. கரி பக்கெட் போன லைன். அதோ பாரு எல்லா லைனும் அந்த உயரமான ஷெட்ல போய்ச் சேருது, அங்கேர்ந்து துறைமுகத்துக்கு"ன்னு கைடு சொல்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு. மூணாம் நம்பர் சுரங்கம்னு ஒண்ணு, 1996ல மூடுனது, உள்ள கூட்டிட்டுப் போறாங்க, ஹெல்மெட்டும் கவராலும் போட்டுக்கிட்டுப் போனோம். கரி அடுக்கு இடுப்பு உயரம் கூட இல்ல, ஆளு ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு வெட்டணுமாம், அதுவும் நிரந்தரமா உறைஞ்ச மலைக்குள்ள, கோடைலயும் மைனஸ்ல. நெய்வேலில எல்லாம் திறந்த வெளி, வானம் தெரியும், பக்கெட் வீல் தான் தோண்டும். அப்பா அந்த இடுக்குக்குள்ள லைட்ட அடிச்சுப் பாத்துக்கிட்டே நின்னாரு, கைடு நகரலாமான்னு ரெண்டு தடவை கேட்டாங்க. வெளிய வந்தப்புறம், "எத்தனை மணி நேரம் ஷிஃப்ட்டுன்னு கேளுடா"ன்னு மட்டும் கேட்டாரு. இந்தச் சுரங்கம் வருஷம் பூரா கூட்டிட்டுப் போறாங்க, வானிலை மோசமானா பேக்கப் பிளானா வச்சுக்கலாம்.

ஓட்டல்ல அப்பாவுக்கு இன்னொரு சந்தோஷம், வாசல்லயே ஷூவைக் கழட்டிட்டு தான் உள்ள போகணும். சுரங்கத்துலேர்ந்து வர்றவங்க கரித்தூளோட உள்ள வரக்கூடாதுன்னு வந்த பழக்கம், மியூசியத்துலயும் அப்படியே. ஓட்டையில்லாத சாக்ஸ் கொண்டு போங்க. சாப்பாட்டுக்குப் பயப்படாதீங்க, ஊர்ல தாய்லாந்துக்காரங்க நிறைய பேர் இருக்காங்க, சோறும் பச்சை மொளகாயும் கிடைக்குது.

அம்மாவுக்கு வேற பிரச்சனை. முதல் நாள் சாயங்காலம் ஜன்னல் கிட்டயே உக்காந்திருந்தாங்க, ஏழாச்சு, எட்டாச்சு, சூரியன் அப்படியே நிக்குது. "வெளக்கு எப்படா ஏத்துறது?" பையில அகல் விளக்கு, திரி, ஒரு சின்ன பாட்டில்ல நல்லெண்ணெய் எல்லாம் கொண்டு வந்திருந்தாங்க, ரூம்ல நெருப்பு ஏத்தக் கூடாது வேற. கடைசில பேட்டரி மெழுகுவத்தி ஒண்ணு வாங்கி, போன்ல ஆறரைக்கு அலாரம் வச்சு, பளிச்சுனு வெயில் அடிக்கிற ஜன்னல் ஓரத்துல ஸ்விட்ச்சப் போட்டுக் கும்பிட்டாங்க. சிரிப்பு வந்தாலும் அந்த அலாரம் தான் எங்களைக் காப்பாத்துச்சு. அங்க கோடைல நேரம் போறதே தெரியாது, பதினோரு மணிக்கு சாப்பிடப் போறோம், ரெண்டு மணிக்கு வெளிய நடக்குறோம், மூணாம் நாள் எல்லாருக்கும் எரிச்சல், சண்டை. அலாரம் அடிச்சா விளக்கு, விளக்கு முடிஞ்சா சாப்பாடு, சாப்பாடு முடிஞ்சா திரை போட்டுத் தூக்கம். கண்ணு மூடுற மாஸ்க் ஆளுக்கு ஒண்ணு கட்டாயம்.

படகு டிரிப் தான் கோடையோட ரோடு, அதுக்குத் தான் காசு செலவு பண்ணணும். பனியாறு கடல்ல வந்து முடியுற சுவர் முன்னாடி படகை நிறுத்துவாங்க, தூரத்துல இடி இடிக்கிற மாதிரி சத்தம் மொதல்ல வரும், அப்புறம் ஒரு துண்டு சரிஞ்சு விழும், அலை நம்ம படகு வரைக்கும் வரும். பறவைப் பாறைல பஃபின், கரையில வால்ரஸ் கூட்டம். அம்மாவோட சுருங்குன முகம் அங்க தான் விரிஞ்சுது. மூடுபனி வந்தா ஒண்ணும் தெரியாது, அதனால படகை கடைசி நாளுக்கு வைக்காதீங்க, முதல் ரெண்டு நாள்ல வச்சா மாத்திக்க எடம் இருக்கும். வாந்தி மாத்திரை எடுத்துக்கோங்க.

அப்பாவுக்கு ஹிமாத்ரி பாக்கணும்னு ஆசை. நம்ம இந்தியாவோட ஆர்க்டிக் ஆராய்ச்சி நிலையம், 2008ல ஆரம்பிச்சது, ஆனா அது இன்னும் வடமேற்கால நீ ஓலெசுண்ட்ங்கிற எடத்துல, நூறு கிலோமீட்டருக்கு மேல. நாங்க எடுத்த ஒரு நாள் படகு அங்க போகல. மேப்ல கை வச்சுப் பாத்துக்கிட்டாரு.

ஜூன், ஜூலைல இன்னொரு எதிரி ஆலாக் குருவி. துருவத்துக்குத் துருவம் பறக்குற பறவை, ரோட்டோரத்துலயே முட்டை போடும், பக்கத்துல போனா நேரா மண்டைல கொத்தும். நம்ம உடம்புல எது உயரமோ அதைத் தான் கொத்தும், அதனால ஒரு குச்சியைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நடக்கணும். அப்பா மடக்குற குடையத் தூக்கிக்கிட்டு, பின்னாடி அம்மா அவரு ஜாக்கெட்டப் பிடிச்சுக்கிட்டு, துறைமுகத்து ரோட்டுல சாமி ஊர்வலம் மாதிரி போன வீடியோ எங்க குடும்ப குரூப்ல இன்னும் சுத்துது.

எந்த சீசனா இருந்தாலும் ஒரு விஷயம் பொது, விசா. ஸ்வால்பார்டுக்குத் தனியா விசா தேவையில்ல, எந்த நாட்டுக்காரங்களும் போகலாம். ஆனா அது ஷெங்கன்ல (ஐரோப்பாவுல நிறைய நாட்டுக்கு ஒரே விசா வச்சிருக்கிற கூட்டு) சேராது, ஓஸ்லோலயோ ட்ரோம்ஸோலயோ பாஸ்போர்ட்ல வெளிய போனதா கணக்கு, திரும்பி வரும்போது மறுபடி உள்ள வர்றதா கணக்கு. அதனால ரெண்டு தடவை நுழையுற ஷெங்கன் விசாவாவது வேணும். என் மச்சினன் ஒரு தடவை நுழையுற விசால சென்னைலேர்ந்து வந்து ஏப்ரல் டிரிப்புக்கு எங்களோட கிளம்ப வேண்டியவன், முந்தின நாள் ராத்திரி சாப்பிட்டுக்கிட்டே பாஸ்போர்ட்டைப் புரட்டுனப்ப தான் கவனிச்சோம். போயிருந்தா திரும்பி வர முடியாம மாட்டியிருப்பான். டிக்கெட், ஸ்னோமொபைல், ரூம் மூணும் போச்சு, நாலு நாள் எங்க வீட்டுல உக்காந்து மாவரைச்சு வச்சான்.

இப்ப என் மனைவிக்கு மறுபடி இருட்டுக் காலத்துல போகணுமாம், இந்தத் தடவை நிலாவோட. காலண்டரைப் பாத்தோம், 2026ல டிசம்பர் பௌர்ணமி கிறிஸ்மஸ் ஒட்டி வருது, அப்ப கடையெல்லாம் மூடிக் கிடக்கும், வேணாம். நவம்பர் 24 சரியா இருந்துச்சு, ரூம் கூட காலியா காட்டுது. நவம்பர்ல போகாதீங்கன்னு மேல நானே எழுதியிருக்கேன், தெரியும், ஊரைச் சுத்தியே நடந்தாப் போதும், நிலா இருந்தா சரிங்கிறா. அம்மாகிட்ட போன்ல சொன்னேன்.

"இருபத்திநாலா? அது கார்த்திகைப் பௌர்ணமிடா. தீபத்தன்னிக்கு வீட்ட இருட்டாப் போட்டுட்டு அந்த இருட்டூருக்குப் போறீங்களா?"

ரெண்டு நிமிஷம் பேச்சே இல்ல. அப்புறம், "அந்த பேட்டரி வெளக்கு இன்னும் எரியுதா பாரு"ன்னாங்க.